இது எங்கேருந்து வருது?

வேலைக்கு வந்த முதல் நாள் அவள் என் பெயரைக் கேட்கவில்லை. என் கையிலிருந்த கோப்பியைப் பார்த்து, "அண்ணே, இது எங்கேருந்து வருது?" என்று கேட்டாள்.

"எதிர்க் கடையிலேருந்து."

"கடை தெரியுதுண்ணே. தூளு?"

பல வருடங்களாக அந்தக் கோப்பியைக் குடித்து வருகிறேன். தூள் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொன்னதும் அவள் முகத்தில் கேலி எதுவும் வரவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது கையில் ஒரு காலிப் பொட்டலம் வைத்திருந்தாள். "குளுவாங் தூளுண்ணே. எங்க ஊருப் பக்கம்தான்," என்று என் மேசையில் வைத்துவிட்டு, நெடுநாள் வழக்கு தீர்ந்தவள்போலத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஊர் பாலோ. வயது அப்போது முப்பத்திரண்டு இருக்கும், என்னைவிடப் பதினைந்து வருடம் இளையவள். பெர்மாஸ் ஜெயாவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். குள்ளமான உருவம், வேகமான நடை. கழுத்தில் சிறிய சிலுவை. அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "எழுதுங்கண்ணே, பேரு மட்டும் வேணாம். எங்கம்மா படிச்சிட்டு போன் பண்ணுவாங்க," என்றாள். ஆகையால் பெயர் இல்லை.

நாங்கள் வேலை பார்த்தது தெப்ராவில் ஒரு பொதுச் சமையற்கூடம். ஒன்பது பாலர்பள்ளிகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து, பெட்டியில் அடைத்து, வேனில் அனுப்புவோம். அடைப்பதும் அனுப்புவதும் என் பொறுப்பு. அவளைத் தட்டச்சு வேலைக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதற்கும் எட்டு மாத ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள்.

வந்த இரண்டாவது வாரம் ஒரு வதந்தி கிளம்பியது. சமையற்கூடத்தை மூடப் போகிறார்களாம், இடத்தை யாரோ வாங்கிவிட்டார்களாம். சமையல் ஆட்கள் கரண்டியைப் போட்டுவிட்டுக் கூடிக் கூடிப் பேசினார்கள். பெட்டி அடைக்கும் பிரிவில் மூத்தவரான நோர் அக்கா, மலாயில் காக் நோர், கண்ணைத் துடைத்துக்கொண்டே மீ நூடுல்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். இவள் அவர் பக்கத்தில் போய் நின்று, மலாயில் மெதுவாக, "காக், உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள். காக் நோர் ஒருவரைக் காட்டினார். அவர் இன்னொருவரைக் காட்டினார். இப்படி ஆறு பேரைத் தாண்டி, காலைத் தேநீர் நேரம் முடிவதற்குள் வாசல் காவலாளியிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: ஒருவர் வந்து கேட்டின் அகலத்தை அளந்துகொண்டு போனார். துருப்பிடித்த பழைய கேட்டை மாற்றப் போகிறார்கள். அளந்துவிட்டுப் போனவர் இரும்புக் கடைக்காரர்.

இவள் திரும்பி வந்து காக் நோரிடம் சொன்னாள். காக் நோர், "அலமாக்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அழுகை நின்றுவிட்டது. ஆனால் ஆறு பேருக்கும் இவள்மேல் கொஞ்சம் கோபம். நல்ல வதந்தி ஒன்று அரை மணி நேரத்தில் வீணாகிப் போனதே என்ற கோபம் அது.

எல்லா இடத்திலும் இதே கதைதான். அவள் சர்ச் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர், பப்பாளி இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்று ஒரு செய்தி அனுப்பினாராம். இவள் கீழே, "இது எங்கேருந்து வருது?" என்று எழுதினாள். அனுப்பியவர் பாஸ்டருடைய மாமியார். இவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு மன்னித்துச் சேர்த்தார்கள். அடுத்த வாரம் வெள்ளைப்பூண்டைப் பற்றி ஒரு செய்தி வந்தது. மறுபடியும் நீக்கம். மூன்றாவது முறை சேர்த்தபோது குழுவின் அட்மினாகவே போட்டுவிட்டார்கள்.

"அதுக்கப்பறம் யாரும் எதுவும் அனுப்புறதில்லண்ணே," என்று வருத்தமாகச் சொன்னாள். "எல்லாரும் குட் மார்னிங் மட்டும் போடுறாங்க."

இனி எங்கள் ஆபீஸில் நடந்த ஒரு மேக்ரோ விஷயத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு பாலர்பள்ளிக்கும் ஓர் எக்செல் ஃபைல் உண்டு. பிள்ளைகளின் பெயர்களும், யாருக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதும் அதில் இருக்கும். இந்த ஒன்பது ஃபைல்களிலிருந்தும் விவரத்தை இழுத்துக்கொண்டு வருவது பத்தாவது ஃபைல். அதற்கு லேபல் ஃபைல் என்று பெயர். காலையில் அதைத் திறந்து அச்சடித்தால், முட்டை ஆகாத பிள்ளைக்கு ஒரு மஞ்சள் லேபல், கடலை ஆகாத பிள்ளைக்கு ஒரு மஞ்சள் லேபல் என்று பெயரோடு வரும். அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சமைத்த பெட்டியில் அதை ஒட்டி அனுப்புவோம்.

மாதம் பிறந்ததும் பாலர்பள்ளிகள் புதுப் பட்டியல் அனுப்புவார்கள். அவற்றைப் புது மாதத்து ஃபோல்டரில் போடுவோம். லேபல் ஃபைலில் இருக்கும் லிங்குகள் ஒன்பதும் போன மாதத்து ஃபைல்களை விட்டுப் புது மாதத்து ஃபைல்களுக்கு மாற வேண்டும். அதைச் செய்யத்தான் மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள் தானாக ஓடும் ஒரு சின்ன நிரல். எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிவைத்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் திரை லேசாகச் சிமிட்டும். பிறகு ஒரு சின்னப் பெட்டி வந்து ‘சியாப்’ என்று சொல்லும். முடிந்தது என்பதற்கு மலாய்ச் சொல். அந்தப் பொத்தானை அமுக்குவது என் வேலை. அமுக்குவேன், சியாப் வரும், கோப்பி குடிக்கப் போய்விடுவேன்.

அவள் வந்த மூன்றாவது மாதம், முதல் தேதி காலை, நான் பொத்தானை அமுக்கும்போது என் பின்னால் நின்றிருந்தாள்.

"யாருண்ணே சொல்றது, சியாப்னு?"

"ஃபைல் சொல்லுது."

"அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாமயா சொல்லும்? மேக்ரோ ஓடுச்சு, முடிஞ்சுச்சு, சொல்லிருச்சு."

"உள்ள என்னா எழுதியிருக்குன்னு ஒருதடவ பாத்துக்கட்டுமா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "ஒழுங்கா ஓடுறத நோண்டாதம்மா. லேபல் இன்னிக்கி நின்னு போச்சுன்னா போஸுக்கு யார் பதில் சொல்றது?"

அவள் போன மாதத்து லேபல் ஃபைலை நகல் எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டாள். நகலை நோண்ட என் அனுமதி வேண்டாமே. நாங்கள் லேபல் அச்சடித்து, ஒட்டி, பெட்டிகளை ஏற்றி, பத்து மணிக்கு வேனை அனுப்பினோம். நான் கோப்பியோடு திரும்பி வந்தபோது என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க பாருங்க. முதல் வரி என்ன சொல்லுதுன்னா, தப்பு ஏதும் வந்தா கண்டுக்காத, அடுத்ததுக்குப் போயிருன்னு சொல்லுது. ரெண்டாவது வரி, எந்த எச்சரிக்கையும் காட்டாதன்னு சொல்லுது. கடைசி வரி, சியாப்னு சொல்லுன்னு. வேலை முடிஞ்சாலும் சியாப்தான், முடியாட்டியும் சியாப்தான்."

"நம்ம வேன் டிரைவர் மாதிரி," என்று நான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த முதல் இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு, நகலில் பொத்தானை அமுக்கினாள். ஒன்று, இரண்டு என்று ஆறு ஃபைல்கள் மாறின. ஏழாவதில் நின்றுவிட்டது. ஒரு பெட்டி வந்தது. நானாக இருந்தால் அதைப் படிக்காமலே மூடியிருப்பேன். அவள் முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை சத்தமாகப் படித்தாள், யாரோ வீடு தேடி வந்து விலாசம் சொல்வதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதுபோல.

"பெர்மாஸ் ஜெயா பாலர்பள்ளி," என்றாள். "மாத்தச் சொன்ன லிங்க் இங்க இல்லங்குது. அப்ப லேபல் ஃபைல் எங்கேருந்துதான் அந்தப் பேரெல்லாம் எடுக்குது?"

எல்லா லிங்குகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்லி நாலைந்து வரியில் இன்னொரு மேக்ரோ எழுதினாள். ஒன்பது வரி வந்தது. மாறிவிட்ட ஆறில் இந்த மாதம், இன்னும் மாறாத இரண்டில் போன மாதம். ஒன்றில் மட்டும் அதற்கும் இரண்டு மாதம் முந்தைய ஃபோல்டர்.

காரணம் ரொம்பச் சின்னது. இரண்டு மாதத்துக்கு முன் பெர்மாஸ் ஜெயா பாலர்பள்ளி அனுப்பிய ஃபைலை யாரோ இரண்டு தடவை இறக்கியிருக்கிறார்கள். அதனால் பெயரின் கடைசியில் அடைப்புக்குள் ஒரு ‘1’ ஒட்டிக்கொண்டுவிட்டது. மேக்ரோ அந்தப் பெயரைத் தேடியது, கிடைக்கவில்லை, கண்டுகொள்ளாமல் அடுத்ததுக்குப் போனது. அடுத்த மாதம், "போன மாதத்து லிங்கைப் புது மாதத்துக்கு மாற்று" என்ற உத்தரவு வந்தபோது, போன மாதத்து லிங்கே அங்கே இல்லை. அதையும் கண்டுகொள்ளவில்லை. அப்படியே பழைய ஃபைலில் தங்கிவிட்டது. நான் மாதாமாதம் சியாப் பார்த்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருக்கிறேன்.

"லிங்க் அறுந்திருந்தா ஏதாவது தப்பாத் தெரிஞ்சிருக்கும்ணே. இது அறுகல. பழைய ஃபைல் இருக்கு, தொறக்குது, பேரு குடுக்குது. பழைய பேரக் குடுக்குது, அவ்ளோதான்."

அப்படிச் சொல்லிக்கொண்டே பெர்மாஸ் ஜெயாவின் புதுப் பட்டியலைத் திறந்து பழையதோடு ஒப்பிட்டாள். ஒரே ஒரு பெயர் கூடுதலாக இருந்தது. நான்கு வயதுப் பெண் பிள்ளை. அன்றைக்குத்தான் முதல் நாள். பெயருக்கு நேரே ‘முட்டை’ என்றும், அதற்குப் பக்கத்தில், தடித்த எழுத்தில், ‘மூச்சுத் திணறும்’ என்றும் எழுதியிருந்தது.

அன்றைய சாப்பாடு முட்டை போட்டு வறுத்த மீ, மீ கோரேங்.

பாலர்பள்ளிக்கு அழைத்தேன். எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ். வேன் டிரைவர் வழக்கம்போலத் தொலைபேசியை எடுக்கவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன். அவள் எனக்கு முன்னால் ஓடினாள். வழியெல்லாம் விடாமல் அழைத்துக்கொண்டே வந்தாள். தெப்ராவ் நெடுஞ்சாலையில் ஒரு லாரி நின்றுபோய் ஒரு தடம் முழுக்க அடைபட்டிருந்தது.  எத்தனை மணிக்குப் பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்று அவள் கேட்டாள். பதினொன்றுக்கு என்றேன். கார் கடிகாரத்தில் பத்து ஐம்பது.

"சாமி கும்பிட்டுத்தான் சாப்பிடுவாங்க," என்றேன்.

"நல்லது. கொஞ்சம் நீளமாக் கும்பிடட்டும்."

நாங்கள் உள்ளே போனபோது கும்பிட்டு முடித்துவிட்டிருந்தார்கள். இருபது முப்பது சின்ன நாற்காலிகள். ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் திறந்த பெட்டி. ஆசிரியை வாய் திறப்பதற்குள் இவள், "இன்னிக்கிச் சேந்த பிள்ள எது?" என்றாள். ஆசிரியை கையைக் காட்டிய இடத்தில், இரட்டைச் சடை போட்ட ஒரு குட்டி முள்கரண்டியில் மீயைச் சுற்றி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. இவள் நாற்காலிகளைத் தாண்டிப் போய்க் கரண்டியைப் பிடுங்கினாள். பெட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

பிள்ளை ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு வாயை அகலமாகத் திறந்து அழத் தொடங்கியது. அழுகைக்காகத் திறந்த அந்த வாயை இவள் குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் உள்ள போகல," என்று என்னிடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்த சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். அது என் கனத்தைத் தாங்காமல் ஒருபக்கம் சாய, பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. அழுத பிள்ளையும் சிரித்தது.

ஆசிரியை முகம் வெளுத்துப்போயிருந்தது. "பட்டியல்ல போட்டு அனுப்பிட்டேனே. மஞ்சள் லேபல் இல்லயா, அப்ப இன்னிக்கி முட்டை இல்லாத சாப்பாடு போலன்னு நெனச்சிட்டேன். மீக்குள்ள கண்ணுக்கே தெரியல," என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பொத்தானை அமுக்கியது நான்தான்.

பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டுமே. எதிர் வரிசையில் ஒரு சோற்றுக் கடை இருந்தது. வெறும் சோறும் கோழியும் பொட்டலமாகக் கட்டித் தப்பாவ் வாங்கிவரப் போனாள். பத்து நிமிடம் ஆகியும் வராததால் நான் தேடிக்கொண்டு போனேன். கடைக்காரரிடம் கோழியை எதில் பிரட்டினீர்கள், அந்த மாவு எந்தப் பொட்டலம், அதே எண்ணெயில் முட்டை பொரித்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கடைசியில், "நீயே வந்து பாத்துக்கமா," என்று சமையலறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கோழி வேண்டாம் என்று சொல்லி, அவித்த கீரையும் பருப்பும் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தக் குட்டி அதைத் தொடவே இல்லை. வெறும் சோற்றைத் தின்றது.

திரும்பி வரும்போது காரில் நான் கேட்டேன். "ஏம்மா, இந்தக் கேக்குற பழக்கம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

கொஞ்சம் யோசித்தாள். "தெரியலண்ணே," என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு வரிகளும் உண்மையான ஃபைலிலிருந்தும் போய்விட்டன. விளைவு, தினமும் ஏதாவது ஒரு பெட்டி திரையில் வந்து எதையாவது சொல்லும். எங்கள் மேனேஜர் சீனர், நல்ல மனிதர், சத்தம் பிடிக்காதவர். காலையில் என் மேசைப் பக்கம் வந்தவர், இந்த எச்சரிக்கை எல்லாம் வராமல் பண்ண முடியாதா, ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று கேட்டார்.

"ரெண்டு வழி இருக்கு போஸ்," என்று இவள் மலாயில் சொன்னாள். "அதோட வாய மூடலாம். இல்லன்னா பதில் சொல்லலாம். முதல் வழி ஏற்கெனவே இருந்துச்சு."

அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எதுவும் சொல்லாமல் போய்விட்டார். சரி என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

அடுத்த இரண்டு மாதம் அவள் பதில் சொல்லும் வழியைச் செய்தாள். லேபல் ஃபைலில் ஒரு புதுப் பக்கம் சேர்த்து, அதற்கு ‘யாரு’ என்று பெயர் வைத்தாள். ஒவ்வொரு லிங்கும் எந்த ஃபைலைப் பார்க்கிறது, அந்த ஃபைல் கடைசியாக எப்போது மாறியது, அதை எழுதுகிறவர் பெயர் என்ன, அவருடைய தொலைபேசி எண் என்ன என்று அதில் வரும். ஒரு லிங்க் இந்த மாதத்தைப் பார்க்கவில்லை என்றால் அந்த வரி சிவப்பாகிவிடும். சிவப்பு ஒன்று இருந்தாலும் லேபல் அச்சாகாது. சியாப் என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘ஒன்பதில் ஒன்பது’ என்று வரவைத்தாள். எட்டு என்றால் எட்டு என்று சொல்லும்.

ஃபைல்களை ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தேவையே அதோடு போய்விட்டது. அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

"ஏன்னு கேக்கலயா?" என்றேன்.

"இது எங்கேருந்து வருதுன்னு எனக்கே தெரியும்ணே. நான்தான் எழுதுனேன்," என்று சிரித்தாள். சிங்கப்பூரில் வேறு வேலைக்கு ஏற்கெனவே மனு போட்டிருந்தாள்.

அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது, எனக்குக் கூலாயில் ஓர் அண்ணன் இருப்பது பேச்சில் வந்தது. ஆறு வருடமாகப் போக்குவரத்து இல்லை என்றேன்.

"ஏண்ணே?"

"என் வீட்டு வாசல மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு."

"உங்ககிட்டயா சொன்னாரு?"

"இல்ல."

"அப்ப யாருகிட்ட?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இது ஃபைல் இல்லம்மா, என் குடும்பம்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். காக் நோர்கூடத் திரும்பிப் பார்த்தார். இவள் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கடைசி நாளன்றும் எடுக்கவில்லை. எல்லோருக்கும் குளுவாங் கோப்பித் தூள் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பவும் கேட்டிருந்தால் திரும்பவும் கோபப்பட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்காமல் போனதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை என் மனைவியிடம், "அண்ணன் அப்பிடிச் சொன்னாருன்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"உங்க சித்தி மகன்தான்."

சித்தி மகனுக்கு அழைத்தேன். "நான் நேரா கேக்கலண்ணே. அத்த சொன்னாங்க," என்றான். அத்தைக்கு அழைத்தேன். அத்தை, "ஒரு கல்யாணத்துல சாப்பாட்டு மேசையில சொன்னான்பா. என் காதால கேட்டேன். அவன் வீட்டுக்கு இனிமே போகமாட்டேன்னு சொன்னான்," என்றார்.

ஆக, சொன்னது உண்மைதான். தொலைபேசியை வைத்தேன். இந்த இடத்தில் அவள் இருந்தால் அடுத்து என்ன கேட்பாள் என்று யோசித்தேன். மறுநாள் காலை கூலாய்க்குக் காரை எடுத்தேன்.

அண்ணன் வாசலில் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார். "வா," என்று மட்டும் சொன்னார்.

நான் உட்காரவில்லை. "என் வீட்டு வாசல மிதிக்கமாட்டேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏன்?"

"ஏன்னா? அந்தக் கறுப்பு நாயி இருக்கற வரைக்கும் வரமாட்டேன்னு சொன்னேன். தீபாவளியன்னிக்கிப் புதுச் சிலுவார் போட்டுக்கிட்டு வந்தேன். உன் கேட்டத் தாண்டுறதுக்குள்ள ஒரு கால்ல பாதியக் கடிச்சு உருவிருச்சு. எல்லாரும் பாத்துச் சிரிச்சீங்க. நீயும்தான் சிரிச்ச."

எனக்கு ஞாபகம் வந்தது. சிரித்தேன்தான்.

"அது செத்து நாலு வருஷம் ஆச்சுண்ணே."

அண்ணன் குழாயைப் பிடித்தபடியே நின்றார். "செத்துருச்சா? யாரும் சொல்லலயே."

"யாருக்கும் தெரியாதுண்ணே, நீங்க நாயினாலதான் வரலன்னு."

"நீ வந்து கூப்பிடுவன்னு பாத்தேன்," என்றார். "நீ வரல. சரி, அண்ணன விட அவனுக்கு நாயிதான் பெருசு போலன்னு இருந்துட்டேன்."

 அண்ணி வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் இன்னொரு பிடி அரிசி எடுத்துப் போட்டார். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது. அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். முறுக்கு மாவில் என்ன கலந்திருக்கிறது என்று என் மனைவியைச் சமையலறையில் விசாரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் சத்தம் கேட்டது. அண்ணி இறங்கினார், பிள்ளைகள் இறங்கினார்கள், எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, போர்ச்சின் இந்த மூலையையும் அந்த மூலையையும் பார்த்தபடி இருந்தார். அவருக்கு இவளைத் தெரியாது. இவள் தட்டோடு வெளியே போனாள்.

"என்னாண்ணே பாக்குறீங்க?"

"நாயி செத்துருச்சுன்னு தம்பி சொன்னான்."

"அவரு சொன்னாரு. நீங்க பாத்தீங்களா?"

"அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றார் அண்ணன். காருக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, புதுச் சிலுவாரைத் தட்டிவிட்டுக்கொண்டு, கேட்டைத் தானே திறந்து உள்ளே வந்தார்.